ரேடியோவில் ஒட்டிக்கொண்ட திருப்புளி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நான் நலம். அங்கே நீ, மாப்பிள்ளை, குட்டி, உன் அம்மா எல்லோரும் நலமாக இருக்க வேண்டும் என்று எழுதிவிட்டுப் பார்க்கிறேன், அந்தப் பக்கம் நான்கு பேர், இந்தப் பக்கம் ஒரே ஆள். போன் இருக்கும்போது இந்த மனுஷனுக்குக் கடிதம் எதற்கு என்று நீ நினைப்பாய். போனில் பேசினால் நீ ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாய், மாப்பிள்ளை ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம், நடுவில் குட்டியின் அழுகை, அதில் நான் என்னத்தைச் சொல்ல, சாப்பிட்டேன், மழை பெய்கிறது, நன்றாக இருக்கிறேன், வைத்துவிடுகிறேன் என்று நான்கே வார்த்தைதான் வாயில் வருகிறது. இது நீ மட்டும் படிக்க வேண்டிய கடிதம். அம்மாவின் பயணத்தைப் பற்றி உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். நேராகக் கேட்க எனக்கு வரவில்லை, அதனால் ரேடியோ கதையில் ஆரம்பிக்கிறேன், பொறுமையாகப் படி.

சமையலறை ஜன்னல் ஓரத்தில் அம்மா வைத்திருக்கிறாளே அந்தச் சின்ன ரேடியோ, குட்டியைப் பார்த்துக்கொள்ள அவள் அங்கே கிளம்பி வந்ததிலிருந்து பகலில் அதை நான் அணைத்ததே இல்லை. காலையில் எழுந்ததும் முதல் வேலை அதைப் போடுவது. அதில் யார் என்ன பேசுகிறார்கள் என்று நான் கவனித்ததில்லை, சமையலறையில் சத்தம் இருந்தால் போதும் என்று இருந்தேன். ஒரு நாள் கூடத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது, கொஞ்சம் சத்தத்தக் குறையேன், காது போகுது என்று கத்திவிட்டேன். முப்பத்து நான்கு வருஷப் பழக்கம். யாரும் குறைக்கவில்லை. நானே எழுந்து போய்க் குறைத்துவிட்டு வந்தேன், அதன் பிறகு பேப்பரில் ஒரு வரிகூட ஓடவில்லை. போன வாரம் அந்த ரேடியோ கரகரவென்று இழுத்து நின்றுபோனது. புது பேட்டரி போட்டேன், தட்டினேன், மூச்சு இல்லை. வீடு ஒரே நாளில் பெரிசாகிவிட்டது, குழாய் சொட்டுவது கூடத்தில் கேட்கிறது. சரி, திறந்து பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

உன் அப்பா டிப்போ பட்டறையில் ஃபோர்மேனாக இருந்தவன், ஸ்பானர் என்று பட்டப்பெயர் வாங்கியவன், அது உனக்கே தெரியும். பதினேழாம் நம்பர் நட்டுக்குப் பத்தொன்பதாம் நம்பர் ஸ்பானரைப் போட்டவனை நான் திட்டிய திட்டில் அவன் மதியச் சாப்பாட்டைத் திறக்கவில்லை. அப்படிப்பட்டவன் என்ன செய்தேன் தெரியுமா? ரேடியோவுக்குப் பின்னால் நான்கு ஸ்க்ரூ, மிளகு அளவுதான் இருக்கும், தலையில் நட்சத்திரக் குழி. வீட்டில் இருந்த ஸ்டார் திருப்புளி அந்தக் குழிக்கு ஒரு சைஸ் சின்னது. வைத்தால் லொடலொடவென்று ஆடியது. இவ்வளவு சின்ன ஸ்க்ரூவுக்கு இது போதாதா என்று ஒரு அலட்சியம். மூன்று ஸ்க்ரூ வந்துவிட்டது, அதுதான் வினை, தலைக்கனம் ஏறிவிட்டது. நான்காவது இறுகிக் கிடந்தது. முறுக்கினேன், திருப்புளி வழுக்கியது. மறுபடி முறுக்கினேன், மறுபடி வழுக்கியது. ஒவ்வொரு வழுக்கலுக்கும் குழியின் ஓரம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து, நட்சத்திரம் வட்டமாகிவிட்டது. அதோடு நிறுத்தியிருந்தாலும் பரவாயில்லை. காய் நறுக்கும் கத்தியின் முனையை வைத்து நெம்பினேன், முனை உடைந்துபோனது, அம்மாவிடம் சொல்லாதே. கடைசியில் எந்தப் புண்ணியவான் சொல்லிக் கேட்டேனோ, குழியில் நொடியில் ஒட்டும் பசை ஒரு சொட்டு விட்டுத் திருப்புளியை ஒட்டவைத்து, காய்ந்ததும் திருப்பிவிடலாம் என்று ஒரு யோசனை. பசை நன்றாகவே காய்ந்தது. ஸ்க்ரூ, திருப்புளி, ரேடியோ மூன்றும் ஒரே பொருள் ஆகிவிட்டன.

ஒரு துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு கிளம்பினேன், திருப்புளியின் பிடி மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. வாசலிலேயே எதிர்வீட்டு டீச்சரம்மா பிடித்துக்கொண்டார். என்ன சார், ரேடியோவுக்கு ஊசி போட்டு எங்க தூக்கிட்டுப் போறீங்க என்று சிரித்தார், நானும் சிரித்தேன். அப்புறம் சாதாரணமாகத்தான் சொன்னார், அக்கா டிக்கெட்டத் தள்ளி வச்சுட்டாங்களாமே, இன்னும் மூணு மாசம் ஆகுமாமே, நேத்து போன்ல சொன்னாங்க, நீங்க தனியா சமாளிச்சுடுவீங்களா சார் என்று. ஆமாமா, எனக்கு எப்பவோ தெரியுமே, எனக்கென்ன கஷ்டம் என்று சொல்லிவிட்டு நடந்தேன். எனக்குத் தெரியாது, கண்ணு. இந்த மாதக் கடைசியில் வருகிறாள் என்றுதான் நினைத்திருந்தேன். காலண்டரில் பென்சிலால் ஒரு சுழி போட்டு வைத்திருந்தேன். தெருமுனை போய்ச் சேரும்வரை என் செருப்புச் சத்தத்தைத் தவிர வேறு எதுவும் என் காதில் விழவில்லை.

பஸ் நிறுத்தத்துக்கு அருகில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறாரே அந்த அம்மா, சின்ன ஸ்க்ரூ என்றால் இந்தப் பகுதியில் அவர்தான் கெட்டிக்காரர், நாள் முழுக்க அதுதானே வேலை. ரேடியோவைப் பார்த்ததும் இது யாரோட கைவேலை என்று கேட்டார். பக்கத்து வீட்டுக்காரர் என்றேன். நம்பவில்லை. நகப்பூச்சு துடைக்கும் மருந்தைப் பஞ்சு நுனியில் தொட்டு, பிளாஸ்டிக்கில் படாமல் ஸ்க்ரூவின் தலையில் மட்டும் வைத்து வைத்து எடுத்தார், முக்கால் மணி நேரம் கழித்துத் திருப்புளி கையோடு வந்தது. பிறகு ஒரு டப்பாவைத் திறந்தார், உள்ளே வரிசையாகச் சின்னத் திருப்புளிகள். ஒன்றையும் திருப்பவில்லை, ஒவ்வொன்றாகக் குழியில் நிறுத்தி ஆடுகிறதா என்று மட்டும் பார்த்தார். ஆடுச்சுன்னா தொடவே கூடாதுங்க என்றார். நான்காவது திருப்புளி ஆடவில்லை. குழிதான் தேய்ந்துவிட்டதே, அதனால் அகலமான ரப்பர் பேண்டில் ஒரு துண்டை வெட்டி அதன்மேல் வைத்து, அந்த ரப்பரோடு சேர்த்து அழுத்தினார். முக்கால் பங்கு அமுக்கணும், கால் பங்குதான் திருப்பணும், நீங்க அப்படியே தலைகீழாப் பண்ணியிருக்கீங்க, உங்க பக்கத்து வீட்டுக்காரரைச் சொன்னேன் என்றார். மெதுவாக ஒரே ஒரு சுற்று. க்ளிக் என்று ஒரு சத்தம், ஸ்க்ரூ எழுந்து வந்துவிட்டது. உள்ளே பேட்டரி ஸ்பிரிங்கோடு வயர் சேரும் இடத்தில் பச்சைத் துரு, அதைச் சுரண்டியதும் ரேடியோ கடை முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தியது. அந்த மிளகளவு ஸ்க்ரூவுக்கு முன்னால் என் முப்பது வருஷ சர்வீஸ் கையைக் கட்டிக்கொண்டு நின்றது. நீயும் கேட்டுக்கொள், குட்டியின் பொம்மைகளில் பேட்டரி மூடிக்கு இந்த மாதிரிச் சின்ன ஸ்க்ரூதான் இருக்கும், கத்தி, கத்தரிக்கோல் எதையும் வைக்காதே, சரியான சைஸ் திருப்புளி ஒரு செட் வாங்கி வை, முதல் தடவை வழுக்கும்போதே நிறுத்திவிடு. மாப்பிள்ளையிடமும் சொல், அவரும் என்னைப் போல ஆத்திரக்காரர்தான்.

ரேடியோவைக் கொண்டுவந்து அதே ஜன்னல் ஓரத்தில் வைத்துப் போட்டேன். நன்றாகத்தான் பாடியது. பத்து நிமிஷம் கேட்டுவிட்டு அணைத்துவிட்டேன். என்னால் தனியாக இருக்க முடியவில்லை, கண்ணு. இதை எழுத இவ்வளவு பக்கம் ஆகியிருக்கிறது. உன் அம்மாமேல் எனக்குக் கோபம் இல்லை. முதலில் இருந்தது, டீச்சரம்மாவிடம் சொன்னவள் என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று இரண்டு நாள் உன் போனைக்கூட எடுக்கவில்லை, தூங்கிவிட்டேன் என்று பொய் சொன்னேன். யோசித்தால் அவள் எப்படிச் சொல்வாள்? ஒவ்வொரு தடவை பேசும்போதும் எனக்கொண்ணும் அவசரமில்ல, நீ இருந்துட்டு வா, இங்க நிம்மதியா இருக்கேன் என்று வீராப்பாகப் பேசியது நான்தானே. நிம்மதியாக இருப்பவனிடம் எதற்குக் கேட்க வேண்டும் என்று அவள் நினைத்திருப்பாள். இந்த மனுஷன் வா என்று ஒரு வார்த்தை சொல்வாரா என்று அங்கே உட்கார்ந்து காத்துக்கொண்டுகூட இருந்திருப்பாள், அவள் அப்படிப்பட்டவள்தான். இப்போது நான் வா என்று சொன்னால் நாளைக்கே பெட்டியைக் கட்டிவிடுவாள். ஆனால் நீ அடுத்த மாதம் வேலைக்குத் திரும்ப வேண்டும், குட்டிக்கு ஆறு மாதம்கூட ஆகவில்லை, அவள் கிளம்பினால் நீ என்ன செய்வாய்? அதனால் அவளை அனுப்பு என்று நான் கேட்க மாட்டேன். அன்று அம்மாவுக்கு டிக்கெட் போடும்போது, அப்பா ரெண்டு டிக்கெட்டாப் போடட்டுமா என்று நீ கேட்டாய். நான் வந்து அங்க என்ன பண்றது, இந்த வீட்ட யாரு பாத்துக்குறது என்றேன். மறுநாளும் கேட்டாய், அதே பதில்தான் சொன்னேன். வீட்டை நான் பார்த்துக்கொண்ட அழகு உனக்கு இப்போது தெரிந்துவிட்டது. மூன்றாம் முறையும் நீ கேட்பாய் என்று நான் காத்திருந்தேன், நீ கேட்கவில்லை. உன்மேல் தப்பில்லை, இரண்டு தடவை வேண்டாம் என்றவனை யார் கேட்பார்கள். அந்த மூன்றாம் முறையை இப்போது கேள், கண்ணு.

நீயும் மாப்பிள்ளையும் எந்தக் குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும், குட்டி நோய்நொடி இல்லாமல் வளர வேண்டும், அப்பாவின் ஆசி எப்போதும் உண்டு. வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகு காலைச் சாப்பாட்டைத் தவிர்க்காதே. அம்மா குட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏற விடாதே, அவளுக்கு இடது முழங்கால் பிடித்துக்கொள்ளும், வலித்தாலும் சொல்ல மாட்டாள். இன்னொன்று, விசாவுக்குக் கொடுக்கும் போட்டோவில் இரண்டு காதும் தெரிய வேண்டுமாமே, முடி வெட்டிக்கொண்டு போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். அந்தப் போட்டோ ஆறு மாதத்துக்குத்தான் செல்லுமாம், சீக்கிரம் கேள்.

இப்படிக்கு,
உன் அப்பா