வாள்வீராங்கனைக்கு ஒன்றரைப் பக்கம்

மார்ச் 4

அன்பு வாலுவுக்கு,

இருமல் விட்டதா? இத்துடன் ஒரு கட்டுத் தாள் வருகிறது. பயப்படாதே, கல்லூரி விண்ணப்பம் இல்லை. பள்ளி நூலகத்தில் பத்து வருடமாகப் பிள்ளைகளோடு நான் ஆடும் கதை விளையாட்டுக்கு விதிப்புத்தகம் எழுதிவிட்டேன். உனக்குத் தெரிந்ததுதான்: ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் மந்திரவாதியாகவோ வாள்வீரராகவோ பகடை உருட்டி உயிர் பிழைக்க வேண்டும். மே கடைசியில் அச்சுக்குப் போகிறது.

உன் தீயணைப்பு நிலையத்தில் அழைப்பு வராத நேரமாகப் பார்த்து ஆடிவிட்டுக் குறை சொல். கணக்கு டீச்சர் எழுதியது, குறை இருக்காது. இருந்தாலும் சொல்.

உன் அம்மா


மார்ச் 29

என் செல்ல டீச்சரம்மாவுக்கு,

இருமல் போயே போய்விட்டது. நான்கு ஞாயிறு ஆடிவிட்டோம். நிலைய அதிகாரி கதையை நடத்துகிறார், வண்டி ஓட்டும் அண்ணன் மந்திரவாதி, நான் வாள்வீராங்கனை. முதல் இரண்டு வாரம் ஒரே கும்மாளம். ஆட்டத்தில் மூன்றாம் நிலைக்கு வந்தோமா, என் பிழைப்பில் மண் விழுந்தது. ஓட்டுநர் அண்ணன் பறக்கிறார், பூட்டைத் திறக்கிறார், நாற்பது ஓநாயை ஒரே வரியில் பொசுக்குகிறார்.

அதிகாரி என்னைப் பார்த்து, "நீ என்னம்மா பண்றே?" என்றார்.

"வேடிக்கை பாக்கறேன் சார். டீ வேணுமா?" என்றேன்.

மந்திரங்களுக்கு இருபத்திரண்டு பக்கம், வாளுக்கு ஒன்றரைப் பக்கம். எண்ணிப் பார்த்துவிட்டேன் அம்மா.

உன் வாலு


ஏப்ரல் 10

அன்பு மகளுக்கு,

பதினோராம் பக்கத்தில் எழுதியிருக்கிறேனே, படிக்கவில்லையா? "உடல் பலம் ஓரிடத்தில் நின்றுவிடும், அறிவு வளர்ந்துகொண்டே போகும்." உலகமே அப்படித்தான். விளையாட்டுக்காக அதை மாற்ற முடியுமா? போகட்டும், உனக்காக இறங்கி வருகிறேன். மந்திரவாதிக்கு இனி ஒரு நாளைக்கு மூன்றே மந்திரம். சரிதானே?

வேளைக்குச் சாப்பிடு.

அம்மா


ஏப்ரல் 24

அம்மா,

சரியில்லை. மூன்று மந்திரமும் முதல் சண்டையிலேயே தீர்ந்துவிடுகிறது. பிறகு ஓட்டுநர் அண்ணனும் என்னோடு சேர்ந்து கொட்டாவி விடுகிறார். முன்பு ஒருத்தி சும்மா இருந்தாள், இப்போது இரண்டு பேர்.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. பதினோராம் பக்கத்து வரியை என்னை நினைத்துத்தான் எழுதினாயா? வேலை உத்தரவு வந்த அன்று, "இவ்வளவு மார்க் வாங்கிட்டு, தண்ணிக் குழாய் பிடிக்கவா போறே?" என்று கேட்டாய். அந்தக் குரலிலேயே அந்த வரியும் இருக்கிறது.

சென்ற செவ்வாய் ஓர் அட்டைப்பெட்டிக் கிடங்கில் தீ. மாடி அறையில் இரண்டு பேர் மாட்டிக்கொண்டார்கள். எங்கள் குழுவின் மூத்தவர் ஜன்னல் கம்பியை அறுக்க வேண்டும். அதுவரை நெருப்பு அவர் முதுகைத் தொடக்கூடாது. நடுவில் நான் குழாயோடு நின்றேன், ஐந்து நிமிடம். அவர் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை அம்மா. அதில் எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? இரண்டு பேரும் பிழைத்துவிட்டார்கள்.

உன் மந்திரவாதிக்கு மட்டும் ஏன் அந்த ஐந்து நிமிடம் தேவைப்படுவதில்லை? கண் மூடித் திறப்பதற்குள் எல்லாம் பலித்துவிடுகிறது. நான் யாருக்காக நிற்பது?

உன் மகள்


மே 12

அம்மா,

பதிலே இல்லை. தொலைபேசியிலும் "நல்லா இருக்கேன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிடுகிறாய். அதிகம் பேசிவிட்டேனா? திட்டியாவது எழுது.

வாலு


மே 27

என் தங்கத்துக்கு,

உன் கடிதத்தைப் பத்து தடவை படித்தேன். ஆமாம், அந்த வரியை உன்னை நினைத்துத்தான் எழுதினேன். அடித்துவிட்டேன்.

உனக்குச் சொல்லாமல் போன வாரம் உன் நிலையத்துக்கு வந்தேன். நீ அழைப்புக்குப் போயிருந்தாய். அதிகாரி நாற்காலி போட்டு உட்கார வைத்தார். "விளையாட்டு பிரமாதம் டீச்சர். ஆனா உங்க பொண்ணைப் போய் சும்மா உக்கார வெச்சிட்டீங்களே! இங்க யார் உள்ள போனாலும் முதல்ல கேக்கறது, 'பின்னாடி அவ நிக்கிறாளா?'ன்னுதான்," என்றார்.

வண்டி திரும்பியது. முகமெல்லாம் கரியோடு, ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டே குழாயைச் சுருட்டினாய். உன் முன்னால் வர வெட்கமாக இருந்தது. நான் வந்ததைச் சொல்லவேண்டாம் என்று அதிகாரியிடம் கேட்டுக்கொண்டு, பின்வாசல் வழியாக வந்துவிட்டேன்.

வந்ததும் எழுத உட்கார்ந்தேன். நாளுக்கு மூன்று மந்திரம் என்ற கணக்கை எடுத்துவிட்டேன். இனி எந்த மந்திரமும் நொடியில் பலிக்காது. பெரிய மந்திரத்துக்கு மூன்று சுற்று ஆகும். அதுவரை ஒருவர் நின்று காக்க வேண்டும். வாள்வீரர் நிற்கும் இடத்தைத் தாண்டி எதிரி ஓரடி வைக்க முடியாது. மந்திரம் பெரிதாகப் பெரிதாக, காப்பவரின் பலமும் வளரும். வாளுக்கு இப்போது பதினெட்டுப் பக்கம். விடுமுறையிலும் பிள்ளைகளை நூலகத்துக்கு வரவழைத்து ஆடிப் பார்த்தோம். மந்திரவாதியாக ஆடிய பெண் மந்திரத்தைத் தொடங்கும் முன் வாள்வீராங்கனையாக ஆடிய பெண்ணிடம், "நீ நிக்கிறியா? அப்பதான் நான் ஆரம்பிப்பேன்," என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பதிப்பாளர் பதினைந்து நாள் தவணை கொடுத்திருக்கிறார்.

இத்தனை நாளும் யாராவது, "பொண்ணு என்ன பண்றா?" என்று கேட்டால், "கவர்மென்ட் வேலை" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவேன். நேற்று பதிப்பாளர், "இந்த விதி யார் யோசனை?" என்றார்.

"என் பொண்ணோடது. தீயணைப்புல இருக்கா," என்றேன்.

அவர் அட்டைப்படத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். நான் விடவில்லை. கிடங்குத் தீயை முழுதாகச் சொல்லி முடித்த பிறகுதான் அட்டைப்படத்துக்கு வந்தோம்.

உன் பெருமையில் மிதக்கும்
அம்மா