ரத்தத்தில் ஒரு காவல் குறைவு

மூக்கண்டப்பள்ளி
9.7.2025

அன்புக் கண்ணு யுவஸ்ரீக்கு,

போனில் பேசினால் நீ அழுவாய், நான் உளறுவேன். அதனால் காகிதத்தில் எழுதி, படம் பிடித்து அனுப்புகிறேன். இரண்டாம் பக்கம் முதலில் வந்தால் நீயே மாற்றிப் படித்துக்கொள்.

உன் டாக்டர் கேட்டபடி ரத்தம் கொடுத்துவிட்டேன். கொடுத்த லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். கம்பெனியில் இத்தனை வருடம் பிரஸ் மிஷின் ஓட்டியவன், ஊசியைப் பார்த்ததும் நாற்காலியோடு சாய்ந்துவிட்டேன். கண் திறந்தால் லேப் பெண் முகத்தில் தண்ணீர் தெளிக்கிறாள். "தாத்தா, இன்னும் ஊசியே போடலிங்க" என்றாள். மயங்கியதைக்கூட மன்னிப்பேன், தாத்தா என்றதைத்தான் தாங்க முடியவில்லை.

பூனாவில் பல் பிடுங்கிய மறுநாள் உனக்குத் தொண்டை வீங்கி, பிளாஸ்மா ஏற்றித்தான் காப்பாற்றினார்கள் என்று கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இந்த வியாதி பெற்றவர்களில் ஒருவரிடமிருந்து வந்திருக்கும் என்கிறார்களாமே. என்னிடமிருந்தே வந்ததாக இருக்கட்டும். நம் சொந்தத்தில் எல்லாப் பழியும் என் பேரில்தான் இருக்கிறது, இதுவும் சேர்ந்துகொள்ளட்டும்.

நைட் ஷிப்ட் முடிந்து வந்தேன். கால் கடுக்கிறது. படுக்கிறேன்.

உன் அப்பா
ஆஞ்சப்பன்

*

பூனா
17.7.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

ரிசல்ட் வந்துவிட்டது. உங்கள் ரத்தத்தில் ஒரு குறையும் இல்லை.

ரத்தக் குழாய்களின் சுவரைத் தளர்த்திவிடும் நொதி எல்லோர் ரத்தத்திலும் இருக்கிறதாம். அது அளவு மீறாமல் அடக்கிவைக்க ஒரு புரதம் உண்டு. சி1 இன்ஹிபிட்டர் என்கிறார்கள். எனக்கு அது குறைவு. அடக்க ஆளில்லாததால் நீர் கசிந்து சதைக்குள் இறங்குகிறது. கை வீங்கும், உதடு வீங்கும், வயிறு முறுக்கும். தொண்டை வீங்கினால்தான் ஆபத்து. அலர்ஜி ஊசி எத்தனை போட்டாலும் கேட்காது. எனக்குச் சின்ன வயதிலிருந்து போட்டதெல்லாம் வீண்.

உங்களிடம் இல்லையென்றால் அம்மாவிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்கிறார் டாக்டர். பல் பிடுங்கினாலே தொண்டை வீக்கம் கிளம்பலாமாம். அப்பா, அம்மாவும் இறப்பதற்கு முந்தின நாள்தானே பல் பிடுங்கிக்கொண்டு வந்தார்கள்?

லீவுக்கு மாமா வீட்டுக்குப் போகும்போதெல்லாம், "உங்கப்பன் வாய் தாங்காம மாதேஸ்வரி என்னத்தயோ குடிச்சிட்டா" என்று கேட்டே வளர்ந்தேன். பாதி நம்பினேன். உங்களிடம் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

நாகரசம்பட்டிக்குப் போய் மாமாவிடம் நேராகச் சொல்லுங்கள்.

யுவஸ்ரீ

*

மூக்கண்டப்பள்ளி
18.7.2025

கண்ணு,

படித்தேன். எங்கள் பிரஸ்ஸில் ஆயில் சீல் போனால் இப்படித்தான் சொட்டும் என்று எனக்கு நானே விளக்கிக்கொண்டேன். நீ சிரிப்பாய், சிரி.

நீ கேட்டது சரிதான். முந்தின நாள் பல் பிடுங்கினாள். மறுநாள் காலை எங்களுக்குள் சண்டை. ரசத்தில் உப்பில்லை என்றேன், "வாய் வீங்கிக் கெடக்கறேன், உனக்கு உப்பு கேக்குதா" என்றாள். நான் ஷிப்டுக்குப் போய்விட்டேன். அக்கம்பக்கத்தார் ஆட்டோவில் ஏற்றும்போதே அவளுக்குப் பேச்சில்லை. ஆஸ்பத்திரியில் மூச்சடைப்பு என்று எழுதினார்கள். முகம் இருந்த இருப்பைப் பார்த்து ஊர் வேறு மாதிரி எழுதிக்கொண்டது. "என் தங்கச்சிய இன்னாடா பண்ண" என்று கேட்டதுதான் உன் மாமா என்னிடம் கடைசியாகப் பேசியது.

நான் இப்போது போய் நிரூபித்து என்ன ஆகப்போகிறது? பழி பழைய செருப்பு மாதிரி, காலுக்குப் பழகிவிட்டது. புதுசு வாங்கினால் கடிக்கும். சலித்துப்போச்சு கண்ணு. நீ மருந்தை நேரத்துக்குச் சாப்பிடு. எனக்கு அது போதும்.

அப்பா

*

பூனா
19.7.2025

அப்பா,

உங்களுக்காகப் போக வேண்டாம். அம்மாவுக்கு இருந்தது என்றால் கூடப் பிறந்தவருக்கும் இருக்கலாம். மாமாவைப் பரிசோதிக்கச் சொல்கிறார் டாக்டர். அவருக்கு அடிக்கடி கை வீங்கும், தேனீ கொட்டியது என்பார், ஞாபகம் இருக்கிறதா?

இன்று போன் செய்தேன். "பல்லு வலி உயிரு போவுது கண்ணு, திங்கக்கெழம கிருஷ்ணகிரில புடுங்கறாங்க, அப்பறம் பேசறேன்" என்று வைத்துவிட்டார். அதன் பிறகு எடுக்கவே இல்லை. அத்தை போனும் அணைந்திருக்கிறது.

நாளை ஞாயிறு. காலையிலேயே போங்கள்.

யுவஸ்ரீ

*

மூக்கண்டப்பள்ளி
20.7.2025

கண்ணு யுவஸ்ரீ,

போய் வந்துவிட்டேன். பஸ்ஸில் சூளகிரி தாண்டும்வரை நின்றுகொண்டு போனேன், முட்டி இன்னும் திட்டுகிறது.

மாமா மாந்தோப்பில் இருந்தார். அறுப்பு முடிந்து கிளை கழித்திருக்கிறார். கத்தரி பிடித்த வலது கை கருணைக்கிழங்கு மாதிரி வீங்கிக் கிடந்தது. தாடையைச் சுற்றித் துண்டு. என்னைப் பார்த்துவிட்டு மரத்தைப் பார்த்தார். பார்வதி அத்தைதான், "வாங்கண்ணா, இன்னா இவ்ளோ தூரம்" என்றாள்.

"கை இன்னா ஆச்சும்மா?"

"தேனீயாம். ஊருல இருக்கற தேனீக்கெல்லாம் இவரு கைதான் ருசி" என்றாள்.

நான் மரத்திடமே பேசினேன். யுவஸ்ரீக்கு இப்படி ஒரு வியாதி, பல் பிடுங்கித்தான் தொண்டை அடைத்தது, பரம்பரையாக வருவது, கை வீங்குவதும் அதுதானாம், நாளைக்குப் பல் மேல் கை வைக்க வேண்டாம் என்று. உன் ரிப்போர்ட்டைப் போனில் காட்டினேன். அவருக்கும் இங்கிலீஷ் தெரியாது, எனக்கும் தெரியாது, இரண்டு பேரும் நன்றாகப் பார்த்தோம்.

"உனக்கு?" என்றார். அத்தனை வருடத்துக்கு அப்புறம் வந்த முதல் பேச்சு.

"எனக்கு இல்ல மச்சான்."

அவர் கத்தரியைக் கீழே வைத்தார். வரப்பில் உட்கார்ந்தார். தானாகவே, "மாதேஸ்வரியும் பல்லு புடுங்கினு வந்துதான்..." என்றார். வீங்கிய கையால் முகத்தை மூடிக்கொண்டார். அத்தை அவர் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நாளை பல் பிடுங்கப் போகவில்லை. பெங்களூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போகிறேன். "நீ கூட இருப்பியா மாப்ள?" என்று கேட்டார். "இருப்பேன், ஊசி போடறப்ப மட்டும் வெளிய நிப்பேன்" என்றேன். அத்தை சிரித்தாள், அவரும் சிரித்த மாதிரிதான் இருந்தது. தாடை வலியில் சரியாகத் தெரியவில்லை.

சாப்பிடச் சொன்னார்கள், சாப்பிட்டேன். பஸ் ஏற்றிவிட அவரே வந்தார். ஸ்டாப்பில் இரண்டு பேரும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அவர் எதற்கோ காத்திருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. நான் சொன்னால் தாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் நின்றார். பஸ் வந்தது. "கையைத் தண்ணில நனைக்காத மச்சான்" என்று எதையோ சொல்லி ஏறிவிட்டேன்.

ஸ்டாப்பில் சொல்லாமல் விட்டதை உன்னிடம் மட்டும் எழுதுகிறேன். "நான் அவளை ஒண்ணும் பண்ணல, மச்சான்."

அப்பா