கெட்டிஸ்பர்க் பாடமும் கோயில் மூலையும்

கெட்டிஸ்பர்க்,
ஜூன் 19

அன்பு மகள் லீட்டாவுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் தயவில் இங்கே நானும் அம்மாவும் தோட்டத்து ஆப்பிள் மரங்களும் சுகம், அலாஸ்காவில் நீயும் மாப்பிள்ளையும் பேரன் கோல்பியும் அப்படியே இருக்க வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி விடவில்லை, ஆனால் சபை விருந்துக்குக் கோழிச் சோளச் சூப் வைக்க வேண்டுமென்றால் மட்டும் கால் தானாக நடக்கிறது. போன வாரம் போனில் நீ, ஜூலைல வர்றோம், ஆனா கோல்பிய அந்தக் கோடை வேத வகுப்புல மட்டும் உக்கார வைக்க மாட்டேன்ப்பா என்று சொன்னதும் எனக்குச் சுருக்கென்று ஆகிவிட்டது, காரணம்கூடக் கேட்காமல் போனை வைத்துவிட்டேன். அப்படி என்னதான் அங்கே நடக்கிறது என்று பார்க்க வியாழக்கிழமை நானே போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன்.

இப்போது நம் ஊரில் நடந்த உள்நாட்டுப் போர்ச் சண்டையைப் பாடமாக எடுப்பவன் டாரல் என்று ஒருவன், ஒஹையோவிலிருந்து வந்தவன். தரை துடைக்கும் நூலை முகத்தில் ஒட்டித் தாடி என்கிறான், மனைவியின் நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு தளபதி என்கிறான், பஞ்சைப் பிய்த்துப் பீரங்கிப் புகை என்கிறான். அந்த லட்சணத்தில் ஒரு போதனை வேறு. சண்டை மூணு நாள், மூணாம் நாள் ஜெயம், இயேசு உயிர்த்தெழுந்ததும் மூணாம் நாள், கர்த்தர் கணக்கு எப்படி இருக்கு பாத்தீங்களா பிள்ளைங்களா என்று கேட்கிறான். ஐம்பதாயிரம் பேர் செத்தும் சிதைந்தும் கிடந்ததற்கும் உயிர்த்தெழுதலுக்கும் முடிச்சுப் போட எவ்வளவு பெரிய அறிவு வேண்டும் பார். அடிமைத்தனம் என்ற சொல்லை ஒரே ஒரு தடவை, கசப்பு மருந்து மாதிரி விழுங்கிவிட்டு ஓடினான். பிள்ளைகளுக்குக் கொடுத்த தாளில் தளபதிகளின் குதிரைகளுக்குக்கூடப் பெயர் இருக்கிறது, அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென்படை இங்கே வந்தபோது நம் பக்கத்துக் கறுப்பினக் குடும்பங்களைக் கயிற்றில் கட்டி அடிமைகளாக ஓட்டிக்கொண்டு போனார்களே, அவர்களில் ஒருவர் பெயர்கூட இல்லை. இவனையெல்லாம் ஆப்பிள் பொறுக்கக்கூட நம்பி விட மாட்டேன் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

அப்போது பாஸர்மன் வீட்டுச் சின்னப் பெண் மெரிலீ கையைத் தூக்கி, ரெண்டு பக்கமும்தானே ஜெபம் பண்ணாங்க, அப்ப கர்த்தர் யாரு பேச்ச கேட்டாரு, செத்தவங்க சரியா ஜெபம் பண்ணலியா என்று கேட்டாள். அவள் அண்ணன் ராணுவத்தில் இருக்கிறான், அவள் கேட்டது அவனுக்காக. டாரல் முகம் சிவந்து, சந்தேகம் சாத்தான் விதைக்கிற விதை, போய் அந்த மூலையில நில்லு என்றான். பாடம் முடிந்ததும் நான் போய், இந்தக் குப்பையை எங்கப்பா பொறுக்கின என்று கேட்டேன். அவன் மலர்ந்த முகத்தோடு ஒரு பழுப்பு நோட்டை நீட்டி, எல்லாம் நீங்க எழுதி வச்சதுதான் லமார் ஐயா, அலமாரியில கிடந்தது, ஒரு வரியும் மாத்தல என்றான். இந்த வகுப்பை நான் நடத்திய காலத்து என் கையெழுத்துதான். மூன்றாம் நாள், குதிரைகளின் பெயர்கள், யாராவது கர்த்தர் யார் பக்கம் என்று கேட்டால் சாத்தானின் விதை என்று சொல்லி மூலையில் நிறுத்தவும் என்ற குறிப்பு வரை எல்லாம் என்னுடையது.

லீட்டா, அதே மூலைதான். போர் நாளில் கோயில் ஆஸ்பத்திரியாக இருந்தபோது ரத்தம் வடியத் தரையில் துளை போட்டார்களே, அந்த இடம். எட்டு வயதில் இதே கேள்வியைக் கேட்டதற்காக உன்னை அங்கே நிறுத்தினேன், நீ அழாமல் கால் விரலைத் துளைக்குள் விட்டுக்கொண்டு நின்றாய். நான் அதைச் சுத்தமாக மறந்துவிட்டேன், நீ மறக்கவில்லை. டாரலைத் திட்டியதெல்லாம் எனக்கே உரியது, அவன் வெறும் நகல். நான் போய், இன்னும் மூலையை விட்டு நகராத மெரிலீ பக்கத்தில் நின்று, எனக்குத் தெரியாதும்மா, ஆனா நீ கேட்டது தப்பில்ல என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்து, அப்ப நீங்களும் இங்கயே நில்லுங்க என்றாள். நின்றேன்.

நோட்டை இத்துடன் அனுப்பியிருக்கிறேன், கிழிப்பதோ எரிப்பதோ உன் இஷ்டம். கோல்பி வகுப்புக்கு வர வேண்டாம். நீ ஒரே ஒரு தடவை என்னோடு கோயிலுக்கு வந்து அந்தக் கேள்வியைத் திரும்பக் கேள், இந்த முறை மூலையில் நிற்பது நான். ஆண்டவர் உங்கள் மூவரையும் காக்கட்டும். இங்கே வெயில் கொளுத்துகிறது, கம்பளி மூட்டையைச் சுமந்து வராதே.

அன்புடன் அப்பா,
லமார் ஸ்டாம்பா