ஏழாம் எண் வீடும் எட்டாம் எண் பத்திரமும்

அனுப்புநர்:
சு. ஞானாம்பாள் (வயது 61),
ஓய்வு பெற்ற சத்துணவு அமைப்பாளர்,
கதவு எண் 7 (குடியிருப்பின்படி), கதவு எண் 8 (சென்ற மாதம் வரை பத்திரத்தின்படி),
பொன்வயல் நகர், நெய்க்குளம்,
திருவிடைமருதூர் வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்டப் பதிவாளர் அவர்கள்,
கும்பகோணம்.

பொருள்: பத்திர எழுத்தர் திரு. கோவிந்தராசு 2012-ஆம் ஆண்டு எழுதிய இரண்டு கிரயப் பத்திரங்களில் சொத்து விவரம் இடம் மாறியது – நானும் அண்டை வீட்டாரும் பன்னிரண்டு ஆண்டுகள் ஒருவர் வீட்டில் ஒருவர் குடியிருந்தது – விசாரணை கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் இருபத்தெட்டு ஆண்டுகள் பள்ளிச் சத்துணவு மையத்தில் பணியாற்றியவள். வந்த முட்டை எத்தனை, உடைந்த முட்டை எத்தனை என்று பார்க்காமல் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட்டதில்லை. என் வாழ்நாளில் படிக்காமல் கையெழுத்திட்ட ஒரே ஆவணம் என் சொந்த வீட்டின் கிரயப் பத்திரம்தான். இந்தக் குற்றத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எதிர்த்தரப்பினர் இதைத் தாமே கண்டுபிடித்ததாகத் தங்களிடம் பெருமைப்பட வேண்டியதில்லை.

2. நெய்க்குளத்தில் வயலைத் தூர்த்து, மனை வணிகர் ஒருவர் ஒரே அச்சில் பத்து வீடுகள் கட்டி விற்றார். அவற்றுள் ஒன்றை என் கணவரும் நானும் என் பெயரில் வாங்கினோம். 2012 ஆவணியில் ஒரு முகூர்த்த நாளில் பத்து வீட்டுக்கும் ஒரே மூச்சில் பத்திரம் பதிவானது. பத்தையும் எழுதியவர் திரு. கோவிந்தராசு. பதிவுக்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடலாம் என்று என் கணவர் சொன்னார். அதற்கு திரு. கோவிந்தராசு, “வக்கீல் எதுக்கு சார்? அவங்க எழுதுறதையே நான்தான் திருத்திக் குடுக்குறேன்” என்றார். பத்திரத்தை அடிக்கடி பிரித்தால் மடிப்பு கிழிந்துவிடும், பீரோவில் வைத்துப் பூட்டிவிடுங்கள் என்றும் அறிவுரை கூறினார். அந்த அறிவுரையை மட்டும் நாங்கள் ஒரு நாளும் மீறவில்லை.

3. என் வீட்டுக்குக் கிழக்கே, தெரு முனையில் உள்ள எட்டாம் எண் வீட்டில் குடியிருப்பவர் திரு. சேக் தாவூது. வளைகுடாவில் பதினெட்டு ஆண்டுகள் இருந்து திரும்பியவர். அவருடைய துணைவியார் திருமதி ரஹ்மத் பீவியும் நானும் நல்ல பழக்கம். திரு. தாவூதுக்கும் எனக்கும் இடையில்தான் ஒரு முருங்கை மரம் இருந்தது. மரம் அவர் மனையில். அதன் கம்பளிப்பூச்சிகள் என் மாடியில். இது குறித்து ஊராட்சி மன்றத்தில் இரண்டு மனுக்கள் அளித்தேன். இரண்டாவது மனுவின் பேரில் கிளை வெட்டப்பட்டது. அன்றிலிருந்து ஏழு மாதம் அவர் என்னுடன் பேசவில்லை. பதிலுக்கு, என் வீட்டுக் கழிவுநீர் அவர் பக்கம் வருவதாக என்மீது ஒரு மனு கொடுத்தார். அந்த மனுவில் எழுத்துப்பிழை மிகுதி என்பதைத் தவிர வேறு குறை சொல்வதற்கில்லை.

4. என் கணவர் காலமாகி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. இரண்டு அறை வீட்டில் ஒருத்திக்காக உலை வைப்பது அலுத்துவிட்டது. திருச்சியில் இருக்கும் மகளும் வந்துவிடச் சொல்லி வற்புறுத்தினாள். ஆகவே வீட்டை விற்க முடிவு செய்தேன். கும்பகோணத்துப் பள்ளி ஆசிரியர் ஒருவர் வாங்க முன்வந்தார். அவர் எங்களைப்போல் அல்லாமல், முதலில் ஒரு வழக்கறிஞரை அமர்த்தினார். சென்ற ஆடி மாதம் வழக்கறிஞர் செல்வி பூர்ணிமா, ஒரு கையில் என் பத்திரமும் மறு கையில் அளவு நாடாவுமாக வீட்டுக்கு வந்தார். காபி ஆறும் வரை வாசலில் நின்று பத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னை அழைத்து, “அம்மா, பத்திரப்படி ஒங்க வீட்டுக்குக் கிழக்கே இருபது அடி பொதுப் பாதை இருக்கணும். இங்க சுவர்தானே இருக்கு?” என்று கேட்டார்.

தாவூது பாய் வீட்டைத் தாண்டிப் போனால் பாதை வரும் என்று நான் சொன்னேன். அப்படியானால் பத்திரத்தில் இருப்பது தாவூது பாய் வீடு என்று அவர் சொன்னார்.

5. திரு. தாவூதின் பத்திரத்தையும் எடுத்துவரச் செய்து, இரண்டையும் என் சாப்பாட்டு மேசையில் விரித்துப் படித்தோம். அவர் பத்திரத்தில் என் வீடு, என் பத்திரத்தில் அவர் வீடு. பெயர், நாள், சாட்சிகள் எல்லாம் சரி. வீடு மட்டும் மாறியிருந்தது. ஏழு மாதத்துக்குப் பிறகு திரு. தாவூது என்னிடம் பேசிய முதல் வார்த்தை, அவருடைய வீட்டுக்கு அவரைக் கேட்காமல் ரோஸ் வண்ணம் அடித்தது ஏன் என்பதாகும். அவர் சிரிக்காமல்தான் கேட்டார். எனக்கோ வேறு கவலை. சட்டப்படி முருங்கை என்னுடையது. எனவே என் மரத்தை வெட்டக் கோரி நானே இரண்டு மனுக்கள் கொடுத்து, ஒன்றில் வெற்றியும் பெற்றிருக்கிறேன். மறுநாள் காலை கொல்லைப்புறமாகச் சென்று பதினான்கு காய்கள் பறித்து வந்தேன். உரிமையாளர் என்ற முறையில் இதற்கு எவர் அனுமதியும் தேவைப்படவில்லை.

6. ஆனால் அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வாங்க வந்த ஆசிரியர் மரியாதையாகப் பின்வாங்கிவிட்டார். பிழைத்திருத்தல் பத்திரம் எழுத, விற்றவர் மீண்டும் வந்து கையெழுத்திட வேண்டுமாம். அவர் 2019-இல் இறந்துவிட்டார். அவருடைய வாரிசுகள் நால்வரும் நான்கு நாட்டில் இருக்கிறார்கள். நானும் திரு. தாவூதும் பரிவர்த்தனைப் பத்திரம் எழுதிக்கொள்ளலாம் என்றால், ஏற்கெனவே வாங்கிக் குடியிருக்கும் வீட்டுக்கு ஆளுக்கு ஒருமுறை மீண்டும் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். என் கணவர் இந்த வீட்டில்தான் இறந்தார். அதுவும் அடுத்தவர் வீட்டில் நடந்ததாக ஒரு காகிதம் சொல்வதை என்னால் சும்மா விட முடியவில்லை.

7. ஆகவே நானும் திரு. தாவூதும் சேர்ந்து, பதிவு அலுவலகத்தருகே திரு. கோவிந்தராசு பத்திரம் எழுதும் இடத்துக்கே போய் அவரைச் சந்தித்தோம். நாங்கள் இருவரும் ஒரே ஆட்டோவில் போனதைத் தெருவே வெளியில் வந்து பார்த்தது. அவர் இரண்டு பத்திரங்களையும் படித்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் படித்தார். பின்பு நிதானமாகச் சொன்னார்:

“பத்திரத்துல ஒரு தப்பும் இல்லம்மா. நீங்கதான் மாறிக் குடிபோயிட்டீங்க. ஒரு லாரிய வச்சு சாமான மாத்திக்குங்க, எல்லாம் சரியாயிடும்.”

இதைச் சொல்ல அந்த மனிதருக்கு ஒரு நிமிடம்கூட வெட்கம் வரவில்லை. திரு. தாவூது எழுந்து நின்று ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவருக்கு இரத்த அழுத்தம் உண்டு. ஆகவே அவர் சொல்ல நினைத்ததையும் சேர்த்து நானே சொன்னேன். அதன் விவரம் அலுவலகக் கோப்புக்கு ஏற்றதல்ல என்பதால் இங்கே தவிர்க்கிறேன்.

8. வழி பிறந்தது திருமதி ரஹ்மத் பீவியால். மறுநாள் செல்வி பூர்ணிமா என் வீட்டுக்கு வந்திருந்தார். பீவியும் வந்து, என் அடுக்களை ஜன்னலையும் காற்றையும் சற்று நேரம் கவனித்துவிட்டு, வழக்கறிஞரிடம் மெதுவாகக் கேட்டார்: “ஞானாம்மா வீட்ட நாங்களே வாங்கிட்டா?” அவருடைய மூத்த மகன் குடும்பத்தோடு ஷார்ஜாவிலிருந்து திரும்புகிறார், எட்டாம் எண் வீடு அத்தனை பேருக்கும் போதாது.

செல்வி பூர்ணிமா காபித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு இரண்டு பத்திரங்களையும் ஒருமுறை பார்த்து, அதுதான் வழி என்று விளக்கினார். காகிதத்தில் எனக்கு உள்ளதை, அதாவது எட்டாம் எண்ணை, நான் திரு. தாவூதுக்கு விற்றுவிட்டால் போதும். ஏழாம் எண் காகிதத்தில் ஏற்கெனவே அவருடையது. ஒரே கிரயத்தில் இரண்டு வீடும் அவருக்கு வந்துவிடும். யாரையும் தேடி எந்த நாட்டுக்கும் போக வேண்டாம். படித்தவர்கள் நாங்கள் மூவரும் விடிய விடிய யோசித்ததை, ஐந்தாம் வகுப்போடு நின்றவர் ஜன்னல் ஓரமாக நின்றபடி தீர்த்துவிட்டார்.

9. சென்ற மாதம் பத்திரம் பதிவானது. வரைவைச் செல்வி பூர்ணிமா எழுதினார். இந்த முறை நான்கு எல்லைகளையும் நானே வாய்விட்டுப் படித்தேன். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். சொத்து இப்போது யார் அனுபவத்தில் உள்ளது என்று சார்பதிவாளர் கேட்டார். வாங்குபவர் அனுபவத்தில், பன்னிரண்டு ஆண்டுகளாக என்று பதில் சொன்னேன். அவர் கண்ணாடிக்கு மேலாக எங்களை ஒருமுறை பார்த்துவிட்டு, வேறு எதுவும் கேட்காமல் கையெழுத்திட்டார். அந்த நல்ல மனிதருக்கு என் நன்றி. தை பிறந்ததும் வீட்டைக் காலி செய்துகொண்டு திருச்சிக்குப் போகிறேன். எப்போது ஊருக்கு வந்தாலும் தங்குவதற்கு ஓர் அறையைப் பீவி எனக்காக ஒதுக்கிவிட்டார். அதைப் பத்திரத்தில் எழுதிக்கொள்ளவில்லை. எழுதாமல் இருந்தால்தான் அது மாறாது என்று எனக்குத் தோன்றுகிறது.

10. எல்லாம் முடிந்தபின் எதற்கு மனு என்று தாங்கள் கேட்கலாம். எனக்கு ஒரு ரஹ்மத் பீவி பக்கத்தில் இருந்தார். எல்லோருக்கும் அப்படி அமையாது. திரு. கோவிந்தராசு இன்றும் முகூர்த்த நாளில் வரிசையாக ஆட்களை உட்கார வைத்துப் பத்திரம் எழுதிக்கொண்டிருக்கிறார். அவர்கள் எந்த வீட்டில் குடியேறுகிறார்கள் என்பது அவர்களுக்கே தெரியாது. ஆகவே தாங்கள் அவரிடம் முறையாக விசாரித்து அவருடைய உரிமம் குறித்து முடிவெடுக்கவும், பொன்வயல் நகரின் மீதி எட்டுப் பத்திரங்களையும் இடத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கவும், இனி கையெழுத்துக்கு முன் வாங்குபவரை அந்த இடத்திலேயே நிறுத்தி நான்கு எல்லைகளையும் படித்துக்காட்ட ஆணையிடவும் வேண்டுகிறேன்.

11. தங்கள் வேலையைச் சற்றுக் குறைக்கும்பொருட்டு, பத்து வீட்டுக்கும் வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கச் செல்வி பூர்ணிமாவைக் கேட்டுக்கொண்டேன். அன்று விற்ற பத்து வீடுகளில் மூன்றாம் எண்ணைத் திரு. கோவிந்தராசு தமக்கே வாங்கி, அந்தப் பத்திரத்தையும் தம் கையாலேயே எழுதியிருக்கிறார். பிற்பாடு அதன்மேல் மாடி எடுத்து, வாசலில் கிரானைட் பதித்து, கார் நிற்க இடமும் கட்டியிருக்கிறார். சான்றின்படி அந்த வீடு, பக்கத்தில் நான்காம் எண்ணில் குடியிருக்கும் தையற்காரர் திருமதி வள்ளியம்மையின் பெயரில் உள்ளது. நகல் இணைத்துள்ளேன்.

இச்செய்தி திருமதி வள்ளியம்மைக்கோ திரு. கோவிந்தராசுவுக்கோ இன்னும் தெரியாது. அலுவலக முறைப்படி தாங்கள் தெரிவிப்பதே பொருத்தம் என்று காத்திருக்கிறேன். ஆனால் வள்ளியம்மை தினமும் மாலையில் என்னோடு வாய்க்கால் கரையில் நடக்க வருபவர். கார்த்திகை தீபம் வரை எப்படியாவது என் வாயைக் கட்டிக்கொள்கிறேன். அதற்கு மேல் உத்தரவாதம் அளிக்க இயலாத நிலையில் இருக்கிறேன் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

இடம்: நெய்க்குளம்
நாள்: 14.11.2024

தங்கள் விரைவான உத்தரவை நம்பியிருக்கும்,
(ஒப்பம்) சு. ஞானாம்பாள்

இணைப்பு: பத்திர நகல்கள் மூன்று, வில்லங்கச் சான்று நகல் ஒன்று. அனைத்தும் என்னால் முழுமையாகப் படிக்கப்பட்டவை.