கனத்துக்குக் கால் முளைத்தது

அன்பு மகன் முள்ளனுக்கு அப்பா ஆசியுடன் எழுதிக்கொள்வது. இங்கே என் இடது கணுக்காலைத் தவிர எல்லாரும் சுகம். அங்கே உன் காதுகள் சுகமா? நாங்கள் அனுப்பிய எட்டுப் பாட்டையும் கேட்டதும் அவை கழன்று விழுந்துவிட்டதாகப் பதினோரு நிமிடக் குரல்பதிவில் கத்தியிருந்தாய், அதற்குப் பிறகு போனையும் எடுப்பதில்லை, அதனால்தான் கடிதம், கடிதத்தை நடுவில் கட் பண்ண முடியாது பார். மாவுக்கட்டுக் காலை நாற்காலிமேல் தூக்கிப் போட்டு மல்லாந்து கிடப்பவனுக்கு எழுத வரவில்லை, அதனால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கை வாலு எழுதுகிறாள். பதினாறு வயதில் இவளுக்கு இருக்கிற வாலை அளக்க என் டேப் போதாது, அடைப்புக்குறிக்குள் எது வந்தாலும் அதற்கு நான் பொறுப்பில்லை. (அப்பாவுக்குப் பொறுப்பில்லை என்றுதான் அம்மாவும் சொல்கிறாள். இப்படிக்கு வாலு.)

கால் உடைந்த கதையை அம்மா உனக்குப் பாதிதான் சொல்லியிருப்பாள், மீதிப் பாதியில் அவள் சிரித்துக்கொண்டிருந்திருப்பாள். ஊரில் இருக்கிற லிஃப்டையெல்லாம் சரிபண்ணுகிற மெக்கானிக் நான், என் சொந்தக் கட்டடத்து லிஃப்ட் ரிப்பேர் என்று படியில் இறங்கி, கடைசி மூன்று படியை முதுகாலேயே கடந்தேன். மூன்று மாதம் கட்டு என்று சொல்லிவிட்டார்கள். உனக்குத் தெரியாததா, நம் ‘கனம்’ மெட்டல் இசைக்குழுவின் உயிர் என் இரண்டு காலில்தான் இருந்தது, டிரம்ஸில் இரட்டை மிதியை இரண்டு காலும் மாறி மாறி மிதித்தால்தான் அந்த ரயில் ஓட்டம் வரும், அதன்மேல் ஏறித்தான் உன் அம்மா உறுமுவாள். பகலெல்லாம் ஸ்டேஷனில் மைக்கைப் பிடித்து பயணிகளின் கனிவான கவனத்திற்கு என்று தேன் ஒழுகப் பேசுகிறவள் சாயங்காலமானால் புலி. ஒரு கால் போனதும் ரயில் நொண்டி, புலிக்கு ஏறி உட்கார இடமில்லை. கிட்டார் வாசிக்கும் பல் டாக்டர் மாமா, சரி விடுங்க, பிடுங்க வேண்டிய பல்லைப் பிடுங்கித்தான் ஆகணும், குழுவைக் கலைச்சிடலாம் என்று பெட்டியை மூடப் போனார். எனக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது, அதை மறைக்க வலது காலால் மட்டும் சும்மா டும் டும் என்று மிதித்துக் கையால் ஒரு டக் போட்டேன். டும் டும் டக். அவ்வளவுதான். உன் அம்மா உறுமவில்லை, பாடினாள், முப்பது வருடத்துக்கு முன்னால் என்னை மடக்கின அதே குரலில். டாக்டர் மாமா பெட்டியை மறுபடி திறந்தார். அப்போது தலைக்குமேல் தட் தட் தட் என்று சத்தம், மேல் வீட்டு நர்ஸ் வழக்கம்போலத் துடைப்பக் கட்டையால் தரையை இடிக்கிறாள் என்று நிறுத்தினோம். நாங்கள் நிறுத்தியதும் அவளும் நிறுத்தினாள். தொடங்கினோம், அவளும் தொடங்கினாள். அடப்பாவி, பன்னிரண்டு வருடமாகத் திட்டுவதற்காக இடித்தவள் அன்றைக்குத் தாளம் தப்பாமல் இடித்தாளடா! மூன்றாவது பாட்டில் பின்னால் கேட்கிறதே, என்ன கருவி அது என்று கோபத்திலும் கேட்டிருந்தாயே, அது துடைப்பம்தான்.

அடுத்து அட்டை விஷயம். குழுவின் பேரை நீ வரைந்து வைத்த அந்த முள்வேலி எழுத்து, அதனால்தானே உனக்கே முள்ளன் என்று பேர் வந்தது, அதையே ஆல்பத்து அட்டையில் போடலாம் என்று வாலுவிடம் கொடுத்து அச்சகத்துக்கு அனுப்பச் சொன்னோம். முந்நூறு அட்டை வந்து இறங்கியது. இரண்டு நாள் யாரும் ஒன்றும் கவனிக்கவில்லை, உன் எழுத்தில் ஒரு முள் கூடினால் யாருக்குத் தெரியும்? மூன்றாம் நாள் அம்மாதான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தாள், க, அதற்குப் பக்கத்தில் ஒரு கால், ன, ம். கனம் இல்லை, கானம்! (கை தவறி விழுந்துவிட்டது. முள்ளுக்காட்டில் ஒரு துணைக்கால் விழுந்தால் தேட முடியுமா?) டாக்டர் மாமா தலையில் கை வைத்து, அந்தக் காலைச் சுரண்டி எடுத்துடலாம், என்கிட்ட சின்னச் சின்ன கத்தியெல்லாம் இருக்கு என்றார். நான்தான் மறித்தேன். யோவ், எனக்குப் போன கால் அட்டையில வந்து முளைச்சிருக்கு, அதையும் வெட்டணுமா என்றேன். கனத்துக்குக் கால் முளைத்தால் அது ஆடத்தானே செய்யும்?

உன் குரல்பதிவைச் சமையலறையில் வைத்து எல்லாரும் முழுசாகக் கேட்டோம். அப்பா, இது மெட்டலே இல்லப்பா, பர்த்டே பார்ட்டிப் பாட்டு, கனம்ங்கிற பேர்ல இது வெளிய வரக்கூடாது, பேரை எடுங்க இல்ல ஆல்பத்தை நிறுத்துங்க என்றாய். பற்றவைப்பது உன் தொழில் என்று தெரியும், கப்பல் பட்டறையில் இரும்போடு இரும்பைப் பற்றவைக்கிறவன் வீட்டுக்குள்ளேயும் பற்றவைப்பாய் என்று தெரியாமல் போயிற்று. பதினான்கு வயதில் நீ ஆரம்பித்த குழு, நீ வைத்த பேர், ஒத்துக்கொள்கிறேன். டிரம்ஸ் அடித்த உன் கூட்டாளி பள்ளிக்கூடம் மாறிப் போனதும், அப்பா நீங்க உட்காருங்க, ஒரே வாரம்தான் என்று என் கையில் குச்சியைக் கொடுத்ததும் நீதான். அந்த ஒரு வாரம் பன்னிரண்டு வருடமாக முடியவில்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் வேலைக்குக் கிளம்பும்போது குழுவை எங்கள் கையில் விட்டுவிட்டுப் போனாய், ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுப் போகவில்லை. கையில் இருப்பது வளரும். நிறுத்து என்று நீ அங்கே ஒற்றைக்காலில் நிற்கிறாயாமே, மகனே, எனக்கு இருப்பதே அது ஒன்றுதான், இந்தப் போட்டியில் உன்னால் என்னை ஜெயிக்க முடியாது. பேரையும் எடுக்க மாட்டோம், ஆல்பத்தையும் நிறுத்த மாட்டோம். இந்த மாதக் கடைசிச் சனிக்கிழமை சாயங்காலம் ஸ்டேஷன் ஊழியர் ஹாலில் எட்டுப் பாட்டையும் வாசிக்கத்தான் போகிறோம், மாவுக்கட்டோடு. பழைய ரசிகர்கள் மொத்தம் பதினேழு பேரில் ஒன்பது பேர் இனி வரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள், வராவிட்டால் போகட்டும், ஆடுவதற்கு இடம் கிடைக்கும்.

ஜாலியாக இருந்தால் லேசு, முறைத்துக்கொண்டு இருந்தால் கனம் என்று உனக்கு யார் சொன்னது? லிஃப்ட் எப்படி மேலே போகிறது என்று சின்ன வயதில் உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு காட்டியிருக்கிறேன், மறந்துவிட்டாய். பெட்டி மேலே ஏறும்போது மறுமுனையில் அத்தனை கனமான இரும்புக்கட்டை ஒன்று கீழே இறங்கும், எதிர் எடை. கீழே இழுக்க ஒன்று இருப்பதால்தான் மேலே போகிறவன் வலிக்காமல் போகிறான். இந்த ஆல்பத்தில் மூன்று நிமிடம் ஒருத்தர் சிரித்தபடி ஆடுகிறார் என்றால் அடியில் உன் அம்மாவின் முப்பது வருடமும் என் கணுக்காலும் இறங்கிக்கொண்டிருக்கிறது. கனம் எங்கேயும் போய்விடவில்லையடா, இடம் மாறியிருக்கிறது. தலையில் இருந்தால் தலைக்கனம், காலில் இறங்கினால் தாளம். (இதை அப்பா காலையிலிருந்து பல் தேய்க்கும்போது ஒத்திகை பார்த்தார்.)

முக்கியமானதைச் சொல்லிவிடுகிறேன். எட்டாவது பாட்டின் நடுவில் நாற்பது வினாடி வெறும் டும் டும் டக் மட்டும் ஓடும், வேறு ஒன்றும் இருக்காது, நீ அதைப் பதிவுக்கோளாறு என்று திட்டியிருந்தாய். கோளாறு இல்லை, அது உன் இடம். இருக்கிறதிலேயே முரட்டுத்தனமாக, காது கிழிகிற மாதிரி, உனக்கு எங்கள்மேல் எவ்வளவு கோபமோ அவ்வளவையும் கிட்டாரில் வாசித்து அனுப்பு, எங்களுக்கு அந்த எதிர் எடை வேண்டும், நாங்கள் அதன்மேலும் ஆடிக்காட்டுகிறோம். கெஞ்சுகிறேன் என்று நினைக்காதே, சவால் விடுகிறேன். இருபதாம் தேதிக்குள் வராவிட்டால் அந்த நாற்பது வினாடியிலும் நர்ஸின் துடைப்பம்தான், அவளிடம் பேசியாயிற்று, அவள் இப்போதே பயிற்சியை ஆரம்பித்துவிட்டாள்.

உன் அம்மா ஸ்டேஷன் குரலில் ஒரு அறிவிப்பு எழுதச் சொல்கிறாள், கோபத்தில் புறப்பட்டுச் சென்ற மகன் சற்றுக் காலதாமதமாக வீட்டுப் பக்கம் வந்துகொண்டிருக்கிறான், இதனால் ஏற்பட்ட இடையூறுக்கு அவன்தான் வருந்த வேண்டும். அவளே மெதுவாக, வெல்டிங் பண்ணும்போது கழுத்துப் பட்டனைப் போட்டுக்கச் சொல்லுங்க, போன தடவை தீப்பொறி பட்ட தழும்பை வீடியோவில பார்த்தேன் என்றாள். நேரத்துக்குச் சாப்பிடு. பட்டறையில் காதுக்குப் பஞ்சு வை, உன் காதை இருபதாம் தேதிவரையாவது எங்களுக்காகப் பத்திரமாக வைத்துக்கொள். லிஃப்ட் வசதி இருந்தாலும் படியில் பார்த்து இறங்கு, குலவழக்கத்தை நீயும் தொடர வேண்டாம். நீண்ட ஆயுளும் தேயாத கிட்டார் நரம்பும் உனக்கு அமையட்டும். உன் அப்பா பணிய மாட்டான், ஆனாலும் பாசத்துக்குக் குறைவில்லை என்று நினைத்துக்கொள்.

இப்படிக்கு,
ஒற்றைக்காலில் நிற்கும்
உன் அப்பா

(அண்ணா, கையெழுத்துப் போட்டதும் அப்பா கட்டுக்காலை ஆட்டிக்கொண்டே கண்ணயர்ந்துவிட்டார், அதனால் உண்மையைச் சொல்கிறேன். அட்டையில் கை தவறவில்லை. அப்பாவுக்கு ஒரு கால் குறைந்தது, நான் ஒன்று சேர்த்தேன். என் பங்குக்கு நான் கால் கொடுத்தாயிற்று. நீ கை கொடு.)