ஜன்னலைக் குறைக்க மாட்டேன்

அன்பு மகளுக்கு,

நீ அங்கே சௌக்கியமாக இருக்கிறாய் என்று நானே தீர்மானித்துவிட்டேன், ஆட்சேபணை இருந்தால் எழுது. இங்கே நான் சிங்கம் போல் இருக்கிறேன், உன் சித்தியும் நலம், அவள் இடுப்பு மட்டும்தான் இன்னும் எங்கள் பேச்சைக் கேட்கவில்லை. உன்னைப் பெற்றது என் அண்ணன் என்றாலும் வளர்த்த பாவம் என்னுடையது, அந்த உரிமையில் சொல்கிறேன், போனில் நீ சொன்னதை நான் கேட்கப்போவதில்லை. "அந்த ஆபீசர் சொல்றபடி ஜன்னலைக் குறைச்சிடுங்க சித்தப்பா, வம்பு எதுக்கு" என்றாயே, வம்பு இல்லாமல் நான் என்றைக்கு மூச்சு விட்டிருக்கிறேன்?

நடந்ததை முழுதாகக் கேள். விழுந்த பிறகு சித்தியால் மாடி ஏற முடியவில்லை, அதற்காகத்தான் கீழே தெருப்பக்கமாக அந்த அறையை இழுத்துக் கட்டினோம். வரைபடத்தில் இருந்த ஜன்னல் தபால்தலை அளவு. பாதிச் சுவர் எழும்பியதும் நான் கட்டிலைக் கொண்டுபோய் மணலில் போட்டு, சித்தியைப் படுக்கவைத்து, "என்னம்மா தெரியுது?" என்று கேட்டேன். "ஆகாசம்தான் தெரியுது, அதை வச்சு நான் என்ன பண்ண?" என்றாள். உடனே கொத்தனாரிடம் சுவரை இடிக்கச் சொன்னேன். பஸ் நிறுத்தம் தெரிகிறது என்று அவள் சொன்ன இடம் ஜன்னலுக்கு ஒரு ஓரம், எதிர்க்கடைத் தையல்காரரின் கால் தெரிகிறது என்று சொன்ன இடம் அடி விளிம்பு. உலகத்திலேயே படுத்துக்கொண்டு அளவெடுத்த ஜன்னல் இது ஒன்றுதான். சக்கரவர்த்திகளுக்குக்கூட வாய்க்கவில்லை.

பிறகுதான் வந்தார் மதிப்பீட்டு அதிகாரி, புது அறையிலிருந்து சூடோ குளிரோ எவ்வளவு வெளியே கசிந்து வீணாகிறது என்று கணக்குப் பார்த்து அனுமதி தருகிறவர். வாசற்கதவில் யானையை ஊதித் தள்ளும் விசிறி ஒன்றை மாட்டி, புகையைக் காட்டி, காற்று கசியும் இடுக்கையெல்லாம் கண்டுபிடித்தார். நல்ல மனிதர்தான், ஆனால் வாயைத் திறந்ததும் பகையாளி ஆகிவிட்டார். "சார், இந்த அறைக்கு இவ்ளோ கண்ணாடி ஆகாது, சூடு குளிரெல்லாம் அது வழியாத்தான் வீணாப் போகும். பாதியாக் குறைங்க, இல்லன்னா வீட்ல வேற எங்கயாவது இந்த நஷ்டத்தை ஈடுகட்டுங்க. ரெண்டும் இல்லன்னா அறையில குடியிருக்க அனுமதி தர முடியாது" என்றார். "ஜன்னல்ல ஒரு விரல்கடைகூடக் குறையாது, வேணும்னா வீட்டையே திருப்பி வைக்கிறேன்" என்று கர்ஜித்தேன். தையல்காரர் ஊசியைக் கீழே போட்டுவிட்டாராம்.

வாய் சொன்னதை உடம்பு செய்ய வேண்டியதாயிற்று. பரணில் ஊர்ந்து கூரைக்கு அடியில் சூட்டைத் தடுக்கும் பஞ்சுப்பாய் விரித்தேன், இடுக்கெல்லாம் அடைத்தேன், ஒரு கொசு உள்ளே வர இனி என்னிடம் மனு கொடுக்க வேண்டும். அப்படியும் அவர் கணக்கில் தேறக் கொஞ்சம் குறைந்தது. "மாடியில உங்க ரூம்லயும் பெரிய கண்ணாடி இருக்கே" என்று அதிகாரி தயங்கித் தயங்கிச் சொன்னார். அன்றைக்கே அதைப் பலகையும் பஞ்சும் வைத்து அடைத்துவிட்டேன். நட்ட நடுப்பகலில் விளக்கைப் போட்டுக்கொண்டுதான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். "எனக்காக ஏன் இப்படிப் பண்ணீங்க" என்று சித்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள், மறு நிமிடமே, "ஆனா அங்க அப்படி என்ன தெரிஞ்சுது, பக்கத்து வீட்டுத் தண்ணித் தொட்டிதானே" என்றாள். அது தொட்டி அல்ல, என் சமுத்திரம், அவளுக்கு எங்கே புரியும்.

நேற்று மறுபடி கணக்குப் பார்த்தார்கள், மயிரிழையில் தேறிவிட்டோம். சித்தி கீழே குடியேறிவிட்டாள். யார் பஸ்ஸைத் தவறவிட்டார்கள், தையல்காரர் யாருடைய சட்டையை இன்னும் தராமல் இழுக்கிறார், எல்லாம் இப்போது அவள் ஆட்சியில்.

நீ நூறாண்டு வாழ வேண்டும், நேரத்துக்குச் சாப்பிட வேண்டும், குளிரில் காதை மூடிக்கொண்டு போ. லீவு போட்டு வந்து அந்தக் கட்டிலில் அவள் பக்கத்தில் படுத்து ஒரு தடவை வெளியே பார். அதன் பிறகும் ஜன்னலைக் குறைக்கச் சொல்ல உனக்குத் துணிச்சல் இருந்தால் சொல், அப்போதும் முடியாது என்றுதான் சொல்வேன்.

இப்படிக்கு,
யாருக்கும் அடங்காத, உன் சித்திக்கு மட்டும் அடங்கிய
சித்தப்பா