அவள் வருத்தப்படவில்லை

ஜூலை 7, 2025, திங்கள். சித்தூர்.

பவ்யாவை லேப் இன்சார்ஜ் ஆக்கிவிட்டார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஊசியை எப்படிப் பிடிப்பது என்று நான் கற்றுக்கொடுத்த பவ்யா! எனக்கு இந்த ஆஸ்பத்திரியில் பதினோரு வருஷம். இப்போதைக்குத்தானாம், செப்டம்பரில் முடிவு செய்வார்களாம். மேனேஜர் சண்முகம் சார் கூப்பிட்டுச் சொன்ன காரணம்: "இன்சார்ஜுன்னா டாக்டருங்க கிட்ட பேசணும்மா யூனிஸ். நீதான் வாயே தொறக்க மாட்டியே."

அதற்கும் நான் வாயைத் திறக்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு வந்தேன். தலையை ஆட்டினேனே, எனக்கு இன்னா கேடு? பிறகு பாத்ரூமில் நின்று அவருக்குச் சொல்ல வேண்டிய பதிலை முழுசாகச் சொன்னேன். சுவருக்கு நன்றாகக் கேட்டிருக்கும்.

ஜூலை 9

ரிசப்ஷன் கல்பனா ஒரு யோசனை சொன்னாள். திருப்பதியில் அலிபிரி பக்கம் ஒரு டான்ஸ் கிளாஸ் மாடியில் மாதாமாதம் இரண்டாம் சனிக்கிழமை படம் போடுகிறார்களாம். அவளும் போகிறாளாம். "நாலு பேர் கூட பழகினா வாய் தானா வரும். வந்து படம் பாத்துக்கினு உக்காரு. யாரும் உன்ன துன்ன மாட்டாங்க."

ஜூலை 12, சனி

துன்னத்தான் பார்த்தார்கள். படம் முடிந்ததும் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு மைக்கைச் சுற்றி அனுப்புகிறார்கள். ஒவ்வொருவரும் ஏதாவது சொல்லியே ஆக வேண்டுமாம். இதை கல்பனா முன்னாடியே சொல்லவில்லை. மைக் மூன்று நாற்காலி தள்ளி வரும்போதே என் காது சுட ஆரம்பித்தது. எழுந்து போய் டீ டம்ளர்களைக் கழுவினேன். முப்பது டம்ளர். முப்பத்தாறு வயசு எனக்கு.

ஜூலை 13

சர்ச்சில் இருக்கும்போது கல்பனாவின் போன். நேற்று அவளால் வர முடியவில்லை. படம் எப்படி இருந்தது என்று கேட்டாள். டம்ளர்கள் சுத்தமாக இருந்தன என்றேன்.

ஆகஸ்ட் 9, சனி

பஸ்ஸில் உட்கார்ந்து எழுதுகிறேன், பாகாலா தாண்டியாகிவிட்டது.

இன்று தமிழ்ப் படம். கூட்டத்தில் முக்கால்வாசிப் பேருக்குத் தமிழ் தெரியாது. அதனால் குழுவை நடத்துகிற நாகபூஷணம் சார், காலேஜில் பாடம் எடுத்து ரிடையர் ஆனவர், திரைக்குப் பக்கத்தில் மைக்கோடு நின்று ஒவ்வொரு பேச்சையும் தெலுங்கில் சொல்லிக்கொண்டே வந்தார். எங்கள் சபையில் தெலுங்குப் பிரசங்கியார் வந்தால் நைனா தமிழில் சொல்வதும் இப்படித்தான். அப்பா சொல்வதைக் கேட்டுக்கேட்டு வளர்ந்தவள் நான். அதனால் ஒரு காது படத்திலும் ஒரு காது சாரிடமும் இருந்தது.

படத்தில் ஒருத்தி. அவளைக் கேட்காமல், பெண்ணையும் கேட்காமல், புருஷன் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயம் பண்ணிவிட்டு வருகிறான். அதுவரை வாய் பேசாத அந்தம்மா தெருவில் இறங்கி மூன்று நிமிஷம் விடாமல் அவனைத் திட்டுகிறாள். என்ன பேச்சு! எனக்குச் சிலிர்த்துப்போனது. சாரைப் பார்த்தேன். மைக்கைக் கீழே இறக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். எல்லாம் முடிந்ததும் நிதானமாகச் சொன்னார்: "ஆமெ பாதபடுதோந்தி." அவள் வருத்தப்படுகிறாளாம்!

மூன்று நிமிஷத்துக்கு ஒரு வார்த்தை. அதுவும் பொய். பக்கத்தில் இருந்த அம்மா "அய்யோ பாபம்" என்று உச்சுக்கொட்டினார். அவ்வளவுதான், எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை.

"பாத காது சார்! திடுதோந்தி!"

வருத்தமில்லை, திட்டுகிறாள் என்று கத்தியது நான்தான். நின்றுகொண்டிருந்ததும் நான்தான். எல்லாத் தலையும் திரும்பியது. யாரோ படத்தை நிறுத்தினார்கள். "ஏமனி திட்டிந்தி? செப்பண்டி, செப்பண்டி" என்று நாலைந்து குரல். என்ன சொல்லித் திட்டினாள், சொல்லுங்கள் என்கிறார்கள். ஓடிவிடலாம் என்றால் கதவு அந்தப் பக்கம். சொன்னேன். 'என்னக் கேக்காம வாக்குக் குடுக்க நீ யாருடா'வில் தொடங்கி, அவன் சோற்றுத்தட்டு, அவன் மீசை, அவன் அம்மா வரைக்கும், ஒன்று விடாமல் தெலுங்கில். உச்சுக்கொட்டிய அம்மா கைதட்டினார்.

நாகபூஷணம் சார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாவம் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

நைனாவிடம் சொன்னேன். மெச்சுவார் என்று நினைத்தேன். "பொம்பளைங்க உக்காந்துக்கினு கீறாங்க, மரியாதைக்கு விட்டிருப்பாரு. நீ எதுக்கு எழுந்த?" என்கிறார். திட்டியதே ஒரு பொம்பளைதானே நைனா? 'பிரசங்கியார் கோவிச்சா நானும் கோவிச்சுத்தான் சொல்லணும்' என்று வீட்டில் பெருமை பேசுகிறவர் இவர். போன மாதம் யூதாஸைத் திட்டும்போது மைக் அதிர்ந்ததே! ஆம்பிளை திட்டினால் பிரசங்கம், பொம்பளை திட்டினால் வருத்தமா?

இதையும் மனசுக்குள் சொல்லவில்லை. சத்தமாகவே சொன்னேன். நைனா பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார்.

ஆகஸ்ட் 12

நாகபூஷணம் சார் போன் செய்தார். சண்டைக்குத்தான் என்று எழுந்து நின்றுகொண்டு எடுத்தேன். "அந்த மாதிரி வார்த்தை நாக்குல வரலம்மா. தப்புதான். அடுத்த மாசமும் தமிழ்ப் படம். மைக்க நீங்க பிடிக்கணும்." எனக்குக் கூச்சமாச்சே சார் என்றேன். "அன்னிக்கு எங்க போச்சு?" என்றார்.

சரி என்றேன்.

செப்டம்பர் 12

நாளைக்கு மைக். ஜுரம் என்று சொல்லிவிடலாமா?

செப்டம்பர் 13, சனி

இரண்டேகால் மணி நேரம். முதல் பத்து நிமிஷம் மைக் பல்லில் இடித்தது. அப்புறம் படத்தில் ஒருத்தன் பொய் சொன்னான், எனக்குக் கோபம் வந்தது, சரியாகிவிட்டது. சிரிக்க வேண்டிய இடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். கடைசி வரிசையில் நைனா. வருவதாக என்னிடம் சொல்லவே இல்லை.

டம்ளர்களை நாகபூஷணம் சார் கழுவினார்.

செப்டம்பர் 15, திங்கள்

தொண்டை கட்டிவிட்டது. வெந்நீர், மிளகு, எதற்கும் மசியவில்லை. ஆனாலும் இன்றைக்கு விட்டால் நாளைக்கு இன்சார்ஜ் பெயரைப் போர்டில் ஒட்டிவிடுவார்கள். பதினொரு மணிக்கு சண்முகம் சாரின் அறைக்குப் போனேன். நாற்காலியை நானே இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பாத்ரூம் சுவருக்குச் சொன்னதை முதலிலிருந்து சொன்னேன்.

"இன்னாம்மா? ஒண்ணும் கேக்கலியே" என்றார்.

காற்றுதான் வந்திருக்கிறது. நான் எழுந்திருக்கவில்லை. அவர்தான் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, மேஜை மேல் குனிந்து, காதைக் கிட்டே கொண்டுவந்தார். மறுபடி முதலிலிருந்து சொன்னேன்.